ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூ: சரியாக எத்தனை சுற்று?

பிப்ரவரி 3

கேள்வி: "பழைய வண்டி. ஒற்றை சிலிண்டர், 4 ஸ்ட்ரோக். ஆக்சிலேட்டரை விட்டால் ரெவ் உடனே இறங்குவதில்லை, கொஞ்ச நேரம் மேலேயே தொங்குகிறது. அப்புறம் இறங்கும்போது சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. காலையில் சோக் போடாமல் கிளம்புவதே இல்லை; கிளம்பிய பிறகும் இரண்டு மூன்று நிமிடம் சோக்கிலேயே ஓட்ட வேண்டியிருக்கிறது. மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். செய்து பார்த்தேன், மாற்றமில்லை. சரியாக எத்தனை சுற்று திறக்க வேண்டும்?"

பிப்ரவரி 3, இரவு

மிக்ஸ்சர் ஸ்க்ரூ என்பது ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, கார்பரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை வைப்பது. ஒன்றரைச் சுற்று என்பது வண்டியைக் கிளப்பிக்கொள்ள ஓர் ஆரம்ப இடம். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரே வருடம் வந்த, ஒரே கார்பரேட்டர் போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்று ஒன்றேகாலில் அழகாக நிற்கும், இன்னொன்று இரண்டு சுற்று கேட்கும். தேய்மானம், பெட்ரோல், ஃபில்டர், டேப்பெட் (வால்வு இடைவெளி) எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை முடிவு செய்கின்றன.

நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. ரெவ் தொங்குவது, சோக் இல்லாமல் கிளம்ப மறுப்பது, சோக்கை எடுத்ததும் திணறுவது: கலவையில் பெட்ரோல் போதவில்லை, அதாவது லீன். ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, இருந்தால் நேர்மாறாக நடந்திருக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் ரெவ் ஐடிலுக்கும் கீழே விழுந்து, தட்டுத் தடுமாறி மறுபடி மேலே வரும். பிளக்கைக் கழற்றினால் விளக்குக் கரி மாதிரி உலர்ந்த கறுப்பு படிந்திருக்கும்.

ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும், உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஆகவே அரைச் சுற்று உள்ளே கொடுத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 4, காலை

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது பாதி வண்டிகளுக்குத்தான் பொருந்தும். நான் முதலில் தொழில் பழகிய கார்பரேட்டரில் இருந்தது ஏர் ஸ்க்ரூ. கை அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிட்டது. காலையில் என் வண்டியைப் பார்த்ததும்தான் உறைத்தது: இதில் இருப்பது ஃப்யூயல் ஸ்க்ரூ, எல்லாம் தலைகீழ்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஓர் இடத்தில் குழம்பினால் மேற்கொண்டு செய்வது எல்லாமே எதிர்த்திசையில்தான் போகும்.

கார்பரேட்டரின் நடுவில் மேலும் கீழும் போகும் ஸ்லைடை எல்லைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ அந்தக் கோட்டுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. பைலட் ஜெட்டுக்கு (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு) போகும் காற்றை அது கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் காற்று கூடி லீன் ஆகும், உள்ளே திருப்பினால் ரிச் ஆகும். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது ஃப்யூயல் ஸ்க்ரூ. பெட்ரோலும் காற்றும் ஏற்கெனவே கலந்த பிறகு, அந்தக் கலவை எவ்வளவு வெளியே வரலாம் என்பதை அது முடிவு செய்கிறது. வெளியே திருப்பினால் ரிச், உள்ளே திருப்பினால் லீன்.

இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். கூர்முனை, ஸ்ப்ரிங், கீறல் போட்ட தலை. பக்கத்திலேயே இன்னொரு ஸ்க்ரூவும் இருக்கும், கொஞ்சம் பெரியதாக, சில வண்டிகளில் கையாலேயே திருப்புகிற மாதிரி குமிழோடு. அது ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூ. ஸ்லைடைத் தூக்கிப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை, கலவையோடு அதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லை.

பிப்ரவரி 4, மாலை

"2 ஸ்ட்ரோக் என்றால் ஏர் ஸ்க்ரூ, 4 ஸ்ட்ரோக் என்றால் ஃப்யூயல் ஸ்க்ரூ" என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். பெரும்பாலும் பொருந்தும், ஆனால் நம்பி இறங்காதீர்கள். மிக்குனி வி.எம். வகை உருண்டை ஸ்லைடு கார்பரேட்டர் போட்ட பழைய 4 ஸ்ட்ரோக் வண்டிகளில் ஏர் ஸ்க்ரூ உண்டு. பழைய அமல் கார்பரேட்டர்களிலும் அதே கதைதான். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் உறுதி.

பிப்ரவரி 5

உங்களுடையது இன்ஜின் பக்கம், அடிவயிற்றில், குழிக்குள் இருக்கிறது என்கிறீர்கள். ஃப்யூயல் ஸ்க்ரூ. அப்படியென்றால் இன்னும் திறக்க வேண்டும். முந்தாநாள் நான் சொன்னதற்கு நேர் எதிர்.

பிப்ரவரி 7

நான் டியூன் செய்யும் முறை இதுதான். நீளமாக இருக்கும்.

முதலில் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி வாருங்கள். நின்ற இடத்தில் முறுக்கிச் சூடாக்கினால் போதாது. சிலிண்டர் தலை சூடாகியிருக்கும், கார்பரேட்டரும் அதன் ரப்பரும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். திரும்பி வந்ததும் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள், திறந்த வெளியில். மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஐடிலில் ஓடும் இன்ஜின் விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சோக் முழுக்க ஆஃபில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஆக்சிலேட்டர் கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பும்போது ஐடில் ஏறினால் கேபிள்தான் ஸ்லைடை இழுக்கிறது. அதைச் சரி செய்யாமல் மேலே போகக் கூடாது.

இன்ஜினை நிறுத்திவிட்டு மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, அது போய் உட்காரும் வரை எண்ணுங்கள். எண்ணியதை எழுதி வையுங்கள். பிறகு எப்போதாவது எல்லாம் கைவிட்டுப் போனால் திரும்பி வர அந்த எண்தான் வழி. உட்காரும் இடத்தில் இறுக்கக் கூடாது. இரண்டு விரலால் திருப்புளியின் தண்டைப் பிடித்து, கைப்பிடியைத் தொடாமல் திருப்பினால் தேவைக்கு மேல் பலம் போகாது. ஸ்க்ரூ முனை ஊசி, அது உட்காரும் துளை மெல்லிய உலோகம். இறுக்கினால் ஊசி முனையில் வளையம் மாதிரி ஒரு தடம் விழும், அல்லது துளை விரிந்துபோகும். ஊசிக்கு மாற்று கிடைக்கும். துளை விரிந்தால் கார்பரேட்டரே போன மாதிரிதான்.

இனி ஒன்றரை திறந்து இன்ஜினைக் கிளப்புங்கள். ஐடிலை வழக்கத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றி வையுங்கள். மிக்ஸ்சரைக் கால் சுற்று வெளியே. பத்து விநாடி காத்திருங்கள். இன்னொரு கால் சுற்று. மறுபடி காத்திருங்கள். ரெவ் ஏறும், ஒரு கட்டத்தில் ஏறுவது நின்று சத்தம் கனத்து 'தொப் தொப்' என்று இறங்கத் தொடங்கும். அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பி வாருங்கள். மறு கோடியில் சத்தம் மெலிந்து, நடுநடுவே ஒரு அடி விட்டுப்போய், நிற்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் ரெவ் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடம்தான் நீங்கள் தேடுவது. கடைசியில் அரைக்கால் சுற்று அளவில் நகர்த்திப் பாருங்கள்.

இப்போது ஐடில் ஏறியிருக்கும். ஸ்பீடு ஸ்க்ரூவால் இறக்குங்கள். இறக்கியதும் மிக்ஸ்சரை மறுபடி தேடுங்கள். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

பிப்ரவரி 7, இரவு

விட்டுப்போனது: இறக்குவது எவ்வளவு என்பதற்கு வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சின்ன ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு 1200இலிருந்து 1400க்குள் இருக்கும். என்னுடையது 1300. அதைவிடக் கீழே இறக்கி, தபேலா தாளம் மாதிரி ஓட விடுவது கேட்க இனிமைதான். ஆனால் எண்ணெய் பம்ப்பும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, மேலே கேம்ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும்.

பிப்ரவரி 8

பத்து விநாடி காத்திருக்கச் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஸ்க்ரூவைத் திருப்பியதும் மாற்றம் வரவில்லையே என்று இன்னும் திருப்புவேன், அதற்குள் முதல் திருப்பத்தின் பலன் வந்து சேரும், எது எதனால் என்று தெரியாமல் போய்விடும். ஐடிலில் பெட்ரோல் போவது சொட்டு சொட்டாக. இன்ஜினும் அவசரம் இல்லாமல்தான் பதில் சொல்கிறது.

இன்னொன்று, காற்றால் குளிரும் இன்ஜினை நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓட விட்டால் அளவுக்கு மீறிச் சூடாகும், அந்தச் சூட்டில் வைத்த டியூனிங் சாலையில் பொருந்தாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் நிறுத்துங்கள், அல்லது எதிரே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். நான் ஃபேன் வைக்கிறேன். அதன் சத்தத்தில் இன்ஜின் சத்தம் காதுக்குச் சரியாகக் கேட்காது. அதனால் பிளக் ஒயரில் சுற்றிக்கொள்ளும் டேக்கோமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டேன். காது பிடிக்காத ஐம்பது ஆர்.பி.எம். வித்தியாசத்தை அது பிடிக்கிறது.

பிப்ரவரி 11

நான்கு சுற்று திறந்தும் ரெவ் ஏறிக்கொண்டே போகிறது, உச்சி வரவே இல்லை என்கிறீர்கள். நல்ல தகவல், ஸ்க்ரூவை இனி தொட வேண்டாம். நான்கு சுற்று திறந்தால் ஸ்ப்ரிங்கில் அழுத்தமே இருக்காது, சாலை அதிர்வில் ஸ்க்ரூ கழன்று விழுந்துவிடும்.

ஃப்யூயல் ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் பைலட் ஜெட்டிலிருந்து பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை, அல்லது வேறு எங்கிருந்தோ காற்று கூடுதலாக உள்ளே வருகிறது. ஒரு சுற்றுக்கும் கீழே போனால்தான் சீராக ஓடுகிறது என்றால் பெட்ரோல் அதிகம்: ஜெட் பெரிது, ஃப்ளோட் மட்டம் (கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் மட்டம்) உயரம், அல்லது சோக் முழுக்க ஆஃப் ஆகவில்லை. ஸ்க்ரூவை ஒரு நோய்மானி மாதிரி பாருங்கள். அது எங்கே போய் நிற்கிறது என்பதே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறது.

கழற்றுவதற்கு முன் ஒன்று. ஸ்க்ரூவை எடுக்கும்போது அதோடு மூன்று பொருள் வெளியே வர வேண்டும்: தலைப் பக்கமிருந்து முதலில் ஸ்ப்ரிங், அடுத்து குட்டி வாஷர், கடைசியில் ஓ-ரிங். பழைய வண்டியில் ஓ-ரிங் துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். என் வண்டியில் இதற்கு முன் யாரோ கழற்றியவர் அதைக் கவனிக்காமல் மேலே இன்னொரு புது ஓ-ரிங்கைப் போட்டு முறுக்கியிருந்தார். இரண்டு ஓ-ரிங். ஸ்க்ரூ உட்காரும் இடமே பொய்யான இடம், நான் எண்ணிய சுற்றெல்லாம் பொய். டார்ச் அடித்துப் பார்த்தபோது குழியின் அடியில் கறுப்பாக ஒரு வளையம் பளபளத்தது. மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கி மாதிரி மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். வெளியே வந்ததும் விரலுக்கிடையில் பிளாஸ்டிக் மாதிரி உடைந்தது. ரப்பரின் தன்மையே போயிருந்தது. அந்த ஓ-ரிங் வழியாகக் காற்று கசிந்தால் ஸ்க்ரூவை எப்படி வைத்தாலும் ஐடில் நிலைக்காது.

பிப்ரவரி 12

பைலட் ஜெட். ஃப்ளோட் சேம்பரை, அதாவது கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தை, கழற்றினால் நடுவில் பெரிய மெயின் ஜெட், பக்கத்தில் குழிக்குள் ஒல்லியாக இருப்பது இது. திருப்புளி குழியின் அகலத்துக்குள் நுழைய வேண்டும், நுனியோ ஜெட்டின் கீறலை முழுக்க நிரப்ப வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடைக்கவில்லை என்றால் ஒன்றை அரைத்துச் செய்துகொள்ளுங்கள். பித்தளைத் தலை சிதைந்தால் அப்புறம் அதை வெளியே எடுப்பது தனி வேலை. ஜப்பானியக் கார்பரேட்டர் என்றால் சேம்பரின் ஸ்க்ரூக்களுக்குச் சாதாரண ஸ்டார் திருப்புளி சரியாக உட்காராது. ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர) அளவு நுனி வாங்கிக்கொண்டால் தலைகள் பிழைக்கும்.

ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கெய்ஹின் நிறுவன ஜெட்டில் 38 என்று போட்டிருந்தால் துளை சுமார் 0.38 மில்லிமீட்டர், தலைமுடி ஐந்தைச் சேர்த்துப் பிடித்த அகலம். சுத்தமான ஜெட்டில் வெளிச்சம் வட்டமாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். அடைப்புள்ளதில் வெளிச்சம் தெரியவே தெரியாது, அல்லது பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் தெரியும். இந்தப் பிறைதான் ஆளை ஏமாற்றும். ஓட்டை தெரிகிறதே, சரி என்று திரும்ப மாட்டிவிடுவோம்.

ஊசியோ எஃகுக் கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விட்டு இழுங்கள். ஜெட்டின் பக்கவாட்டில் இருக்கும் குட்டித் துளைகளையும் விடாதீர்கள். அப்புறம் காற்றடித்து மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள்.

ஜெட் சுத்தமானால் மட்டும் போதாது. ஸ்க்ரூ இருந்த குழிக்குள் கிளீனரை அடித்தால் கார்பரேட்டரின் வாயில், இன்ஜின் பக்கம் உள்ள ஊசித்துளை வழியாகவும் ஜெட் உட்காரும் குழி வழியாகவும் பீச்சிக்கொண்டு வர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியில் எங்கே பீச்சும் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 13

இது ஏன் அடைகிறது? நின்ற வண்டிதான் காரணம். சேம்பரில் தங்கிய பெட்ரோல் வாரக்கணக்கில் ஆவியாகி, கடைசியில் தேன் நிறத்தில் ஒரு பிசின் மிஞ்சும். மிகச் சின்னத் துளையில்தான் அது முதலில் உட்காரும். ஒரு மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் சேம்பரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 15

ஜெட்டைச் சுத்தம் செய்ததும் உச்சி இரண்டரைச் சுற்றில் வருகிறது, காலையில் சோக் இல்லாமலேயே கிளம்புகிறது, ஆனால் ரெவ் தொங்குவது மட்டும் போகவில்லை. சரி, பாதி தீர்ந்தது. மீதி காற்றுக் கசிவு என்று நினைக்கிறேன்.

கார்பரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். என் வண்டியில் அதை மூன்று தடவை பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். மேலிருந்து பார்த்தால் மழமழவென்றுதான் இருந்தது. விரிசல் அடிப்பக்கம் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதுவும் கார்பரேட்டரின் எடை கீழே இழுக்கும்போது மட்டும் வாய் திறக்கும் விரிசல். கழற்றி இரண்டு கையாலும் வளைத்தபோது வாய் பிளந்தது, உள்ளே வெளிறிய ரப்பர் தெரிந்தது. அதற்குள் ஸ்க்ரூவைத் திருப்பியே ஒரு மாதத்தைக் கழித்திருந்தேன்.

கழற்றாமல் கண்டுபிடிக்க: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ரப்பரைச் சுற்றிலும் கார்பரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். எந்த இடத்தில் அடிக்கும்போது ரெவ் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

பிப்ரவரி 15, இரவு

மேலே சொன்ன சோதனையை மாற்றிக்கொள்கிறேன். கிளீனர் தீப்பிடிக்கும் பொருள், எக்ஸாஸ்ட் குழாயோ சுடச்சுட இருக்கிறது. பலரும் இப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், ஆனால் மற்றவருக்குச் சொல்லும்போது அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தண்ணீரைத் தெளிப்பான் பாட்டிலில் நிரப்பி மெல்லிய தூறலாக அடியுங்கள். ஓட்டை இருந்தால் அங்கே தண்ணீர் உறிஞ்சப்பட்டு இன்ஜின் ஒரு கணம் தடுமாறும். அந்தக் கொஞ்சத் தண்ணீர் இன்ஜினை ஒன்றும் செய்யாது. அடித்துக்கொண்டே கார்பரேட்டரைக் கையால் மேலும் கீழும் லேசாக அசையுங்கள். என் வண்டியின் விரிசல் மாதிரி இருந்தால் அசைக்கும்போதுதான் தெரியும்.

பிப்ரவரி 18

வேறொருவர் கேட்டிருக்கிறார்: ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லை, முழுக்க மூடினாலும் ஓடுகிறது, ஏன்?

ஃப்யூயல் ஸ்க்ரூவை முழுக்க மூடினால் இன்ஜின் நிற்க வேண்டும், அல்லது நிற்கும் நிலைக்கு வர வேண்டும். நிற்கவில்லை என்றால் பெட்ரோல் வேறு வழியாக வருகிறது. பெரும்பாலும் ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவை அதிகம் ஏற்றியிருப்பார்கள். ஸ்லைடின் விளிம்புக்கு அருகே பைபாஸ் துளை இருக்கும். ஸ்லைடோ, பட்டர்ஃபிளை என்ற திறப்புத் தகடோ கொஞ்சம் திறந்ததும் அந்தத் துளை வேலை செய்யத் தொடங்கும், அதன் வழியாக வரும் பெட்ரோல் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடாமலேயே வருகிறது. ஆஃப் ஆகும் வண்டியை ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றிச் சமாளித்து வந்தவர்களுக்கு இதுதான் நடக்கும். அதைக் கீழே இறக்குங்கள், மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு உயிர் வரும்.

பிப்ரவரி 22

டேப்பெட்டைப் பற்றி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 7ஆம் தேதி எழுதிய முறைக்கெல்லாம் முன்னால் வர வேண்டியது இது.

என் வண்டி இந்த வாரம் ஒரு புது வேலை காட்டியது. காலையில் முதல் உதையிலேயே கிளம்பும், அரை மணி நேரம் ஓடும், நன்றாகச் சூடானதும் ஐடில் மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிடும். மிக்ஸ்சரைத்தான் சந்தேகப்பட்டேன். கால் சுற்று அந்தப் பக்கம், அரைக்கால் இந்தப் பக்கம், ஒன்றும் உதவவில்லை. மறுநாள் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜை விட்டேன். கையேட்டின்படி எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். 0.05 தகடே நுழையவில்லை. சூட்டில் வால்வு முழுக்க மூடாமல், கம்ப்ரஷன் கசிந்துகொண்டிருந்தது. ஐடிலில்தான் இன்ஜினுக்குத் தெம்பு மிகக் குறைவு, அந்தச் சிறு கசிவைக்கூட அதனால் தாங்க முடியாது.

இடைவெளி குறைந்தால் டேப்பெட் சத்தமும் குறையும். 'இன்ஜின் எவ்வளவு அமைதி' என்று கொஞ்ச நாளாக மனதுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன். லேசான டிக் டிக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் எனக்கு இப்போது நிம்மதி.

ஆகவே வரிசை: ஏர் ஃபில்டர், பிளக், டேப்பெட், காற்றுக் கசிவு, ஜெட். இவை எல்லாம் சரியான பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூ, கடைசியாக.

மார்ச் 1

ஐடிலில் மட்டும் ஏன் இத்தனை பெட்ரோல் கேட்கிறது என்ற கேள்வி. பெட்ரோல் முழுதாக எரியக் காற்று எடையில் 14.7 பங்கு வேண்டும். ஐடிலிலோ 12, 13 பங்கு காற்று என்ற அளவில் கொஞ்சம் ரிச்சாக இருந்தால்தான் சீராக ஓடும். ஸ்லைடு ஏறக்குறைய மூடிக் கிடப்பதால் சிலிண்டருக்குள் வரும் புதுக் கலவை குறைவு, போன தடவை எரிந்த புகையின் மிச்சம் அதோடு கலந்துவிடுகிறது. அந்தப் புகைக்கு நடுவில் தீப்பொறி பற்ற வேண்டுமானால் பெட்ரோல் தாராளமாக இருக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் இங்கே சேர்ந்துகொள்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று 9 பங்கு போதும். 10 சதவீதம் கலந்தால் 14.7 என்பது 14.1 அளவுக்கு வந்துவிடும். சுத்தப் பெட்ரோலுக்கென்று ஜெட் போட்டு வந்த பழைய வண்டி அதனாலேயே கொஞ்சம் லீனாக ஓடும். என் வண்டியில் இந்த வித்தியாசத்தைக் கால் சுற்று ஈடுகட்டிவிட்டது, ஜெட்டை மாற்றவில்லை.

மலை ஏறினால் நேர்மாறு. 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்துவிடும், கலவை ரிச் ஆகும். இரண்டு நாள் பயணத்துக்காகத் தொட வேண்டாம். அங்கேயே இருப்பவர்கள் அங்கேயே வைத்து டியூன் செய்துகொள்ளட்டும்.

மார்ச் 2

மைலேஜ் கூட வேண்டும் என்று இந்த ஸ்க்ரூவை லீனாக வைப்பவர்களுக்கு: ஆக்சிலேட்டர் எட்டில் ஒரு பங்கு திறந்ததுமே இதன் ஆதிக்கம் குறையத் தொடங்குகிறது, கால் பங்கு தாண்டினால் ஸ்லைடில் தொங்கும் ஊசியும், முக்கால் தாண்டினால் மெயின் ஜெட்டும்தான் பேசும். சாலையில் மிச்சமாவது மிகக் கொஞ்சம். கைக்குக் கிடைப்பது தொங்கும் ரெவ்வும், இறக்கத்தில் சைலன்சரில் படபட வெடிச் சத்தமும்தான்.

மார்ச் 2, சற்று நேரம் கழித்து

வெடிச் சத்தம் என்றதும் எல்லாமே லீன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸாஸ்ட் குழாய் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருந்தாலும் அதே சத்தம் வரும். அங்கே கறுப்புக் கரி கோலம் போட்டிருக்கிறதா பாருங்கள்.

மார்ச் 9

முதலில் கேட்டவரிடமிருந்து பதில் வந்தது. தண்ணீர் தெளித்தபோது ரப்பரின் அடியில், கிளாம்ப்பை ஒட்டி, இன்ஜின் தடுமாறியிருக்கிறது. புது ரப்பர் போட்டதும் மிக்ஸ்சரின் உச்சி இரண்டரையிலிருந்து ஒன்றேமுக்காலுக்கு வந்து நின்றது. ரெவ் இப்போது கையோடு இறங்குகிறது. ஒன்றரையும் ஒன்றேமுக்காலும் கால் சுற்று தூரம்தான், ஆனால் நடுவில் ஒரு ஜெட்டும் ஒரு ரப்பரும் ஒரு மாதமும் இருந்தன. பிப்ரவரி மூன்றாம் தேதி நான் சொன்னபடி அரைச் சுற்று உள்ளே கொடுத்து, அதோடு ஸ்பீடு ஸ்க்ரூவையும் ஏற்றி ஓட்டியிருந்தால் விரிசல் இன்னும் மறைந்தே இருந்திருக்கும். நல்லவேளையாக அவர் அதற்குள் வண்டியைத் தொடவில்லை.

மார்ச் 10

என் வண்டி: டேப்பெட் சரிசெய்த பிறகு இரண்டேகால். நேற்று மாலை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன், 1300இல் அசையாமல் நின்றது. ஏர் ஃபில்டர் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்தேன்: "ஃப்யூயல் ஸ்க்ரூ, இன்ஜின் பக்கம், வெளியே = ரிச், 2¼, ஓ-ரிங் ஒன்றே ஒன்று." எனக்குப் பிறகு இதைத் திறப்பவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.